வெல்டர்ஹோமின் நாரை

கணவர் சண்முகராசாவின் சவப்பெட்டியை மூடி முடித்ததும், யோகமலர் தன் பையிலிருந்து ஒரு கொடியை எடுத்து அதன்மேல் விரித்தாள். நீலத் துணி, நடுவில் ஒற்றைக் காலில் நிற்கும் வெள்ளை நாரை. லண்டன் இல்ஃபோர்ட் மண்டபத்தில் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாக அவளிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஹொலண்டில் அவர்களை அகதிகளாக ஏற்றுக்கொண்ட சின்ன ஊர் வெல்டர்ஹோம். அங்கே நகரசபைக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. காலையில் கதவு திறப்பார், விசேட நாட்களில் ஊரின் நாரைக் கொடியை ஏற்றுவார். சேற்று நிலத்தை அணைகட்டி ஊராக்கியபோது முதலில் குடிவந்தது ஒரு நாரைதானாம். அந்தக் கதையை மகள் மயூராவுக்கு டச்சிலேயே சொல்லுவார். பிறகு அயலூர்கள் இரண்டோடு வெல்டர்ஹோமையும் ஒரே நகரசபையாக இணைத்தார்கள். வேண்டாமென்று வீடு வீடாகப் போய்க் கதைத்தவர்களில் அவரும் ஒருவர். பலிக்கவில்லை. மூன்று அலைக்கோடுகளோடு புதுக்கொடி வந்தது. கட்டடத்தைப் பூட்டிய அன்று, கடைசியாக இறக்கிய நாரைக் கொடியை அவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

புதிய சபையிலும் வேலை தருவதாகச் சொன்னார்கள். யோகமலர்தான் லண்டன் என்று பிடிவாதமாக நின்றாள். கோயில், சொந்தம், மயூராவின் ஆங்கிலப் படிப்பு. அவளுடைய அண்ணன் இராஜேந்திரன் தன் கடையில் வேலையும், கடைக்கு மேலே இரண்டு அறைகளும் கொடுத்தார். ஜன்னலில்லாத ஸ்டோரில் அரிசி மூட்டை அடுக்கியே சண்முகராசாவின் மிச்சக் காலம் போனது. அவர் ஒருநாளும் குறைசொன்னதில்லை. இப்போது அவளால் தாங்க முடியாமலிருந்தது அதைத்தான்.

இராஜேந்திரன் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உது எந்த நாட்டுக் கொடியெண்டு சனம் கேட்டா நான் என்ன சொல்லுறது? அவரின்ர ஊர் யாழ்ப்பாணத்து வேலணை."

மயூரா பதில் சொல்ல வாயெடுத்தாள். யோகமலர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அண்ணனுக்கு அவள் மறுபேச்சுப் பேசியதில்லை. இன்று எல்லாம் முடிந்து திரும்பப் போவதும் அவர் கொடுத்த அந்த அறைகளுக்குத்தான்.

"நான்தான் அவரை இஞ்ச இழுத்துக்கொண்டு வந்தனான், அண்ணை," என்றாள். "மாட்டனெண்டு அவர் ஒரு வார்த்தை சொல்லேல்லை. இதை எடுத்தா நான் சுடலைக்கு வரமாட்டன்."

இராஜேந்திரன் சனத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, துணியின் மறுமுனையைப் பிடித்துச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பெட்டி ஏற்றிய வண்டி முன்னால் போக, அண்ணனின் காரில் பின் சீட்டில் அவளை இருத்தினார்கள். ஒரு சந்தியில் முன் வண்டி கடந்துவிட்டது. இவர்களுக்குச் சிவப்பு விழுந்தது. குறுக்கே ஒரு பஸ் வந்து நின்று எல்லாவற்றையும் மறைத்தது. வழி தெரியும், பிடித்துவிடலாம் என்றார் அண்ணன்.

இறங்கி நடந்தே அந்த வண்டியின் பின்னால் போக யோகமலர் கதவுப் பிடியை இழுத்தாள். தன் பேரப்பிள்ளைகளுக்காக அண்ணன் போட்டிருந்த பூட்டு, உள்ளிருந்து திறக்காது.

பஸ் நகர்ந்த பிறகும் அவள் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.