வெள்ளைப் பூ யாழ்ப்பாணம், சிவப்புப் பூ கொடிகாமம்

தேனுஜன் கொழும்புக்கு லொறி ஓடுகிற கதை கோப்பாயில் எல்லாருக்கும் தெரியும். கடைசியாக அதைக் கேள்விப்பட்டவன் தேனுஜன்தான்.

நடந்தது இவ்வளவுதான். லைசென்ஸ் எடுத்த புதிதில், ஒன்றுவிட்ட அண்ணன் கோகுலனுடைய லொறியில் அவன் ஒருமுறை கொழும்புக்குப் போய்வந்தான். டிரைவருக்கு இடப்பக்கம் குந்தியிருந்து, பளையில் மூடிய கண்ணைத் தம்புள்ளையில்தான் திறந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில் வீதியில் ஒரு மனுசி அவனுடைய தாய் நாகேஸ்வரியை மறித்து, "உம்மடை பெடியன் சோதினையையும் கோட்டை விட்டிட்டானாம். இப்ப வீட்டிலை சும்மாவோ?" என்று கேட்டுவிட்டாள்.

"சும்மாவோ? அவன் கொழும்புக்கெல்லோ லொறி ஓடுறான்" என்றாள் நாகேஸ்வரி.

ஒரு வசனம். அவள் கோயிலைச் சுற்றிவந்து செருப்பைப் போடுவதற்குள் அது ஊர்ச்செய்தியாகிவிட்டது. பத்தொன்பது வயதுப் பெடியன் ஒரே மூச்சில் அனுபவசாலியாகிவிட்டான்.

டிரைவர்மார் பாதிப்பேர் வெளிநாட்டுக்குப் போய்விட்ட காலம். செய்தி போன கையோடு இரண்டு இடத்திலிருந்து ஆள் வந்தது. ஒன்று, யாழ்ப்பாண நகரத்தில் கொழும்புச் சாமான் ஏற்றி இறக்குகிற பெரிய கொம்பனி. மற்றது, கொடிகாமத்தில் தேங்காயும் மரக்கறியும் ஏற்றுகிற பரமலிங்கம். அவரிடம் இருப்பது மூன்று லொறி. இரண்டையும் நேரில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது என்று, தேனுஜன் அக்கா துஷாந்தினியின் ஸ்கூட்டியில் ஏறினான். கட்டாரில் இருக்கும் தகப்பன் வாட்ஸ்அப்பில் "நல்லா யோசி" என்று அனுப்பியிருந்தார். என்னத்தை யோசிப்பது என்று அனுப்பவில்லை.

நகரத்துக் கொம்பனியில் தரை கழுவித் துடைத்துக் கிடந்தது. லொறி எல்லாம் புதுசு. கொம்பனி பேர் அடித்த சேட்டு, ஏசி அறை, இன்சூரன்ஸ். மனேஜர் சுபாஸ்கரன் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"நாங்கள் புதுசா ஓடுறவையை எடுக்கிறேல்லை. உம்மைப் பற்றிக் கேள்விப்பட்டம். ஏ ஒன்பது ரோட்டாலை இராவிலை தனிய ஓடியிருக்கிறீர்தானே?"

தேனுஜனின் வாய் திறந்தது. உள்ளே "இல்லை" என்றுதான் இருந்தது. ஆனால் இந்த மனேஜரின் மாமியாரும் அந்தப் பிள்ளையார் கோயிலுக்குத்தான் வருகிறவர் என்பது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது.

"ஓம்" என்றான்.

"நல்லது. வாற திங்கள் இரவு வெளிக்கிடலாம்."

கொடிகாமத்தில் பரமலிங்கம் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கன்டர் லொறியின் கீழே படுத்திருந்தார். கிறீஸ் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னட்டைப் புதுப் பெடியள் வந்தால் ரெண்டு மாசம் இடப்பக்கம் இருத்திப்போட்டுத்தான் ஸ்டியரிங்கைக் குடுக்கிறனான். பாரம் ஏத்தின லொறி வேறை சாதி. உனக்கு உது தேவைப்படாது, நீ கொழும்பு ஓடினவன். உண்மையைச் சொல்லு, ஏன் தம்பி என்னட்டை வாறாய்? யாழ்ப்பாணத்துக் கொம்பனிக்காரங்கள் ஏசி வைச்ச லொறி தாறாங்கள். என்ரை லொறிக்குக் கதவே கயித்திலைதான் நிக்குது."

இரண்டு மாதம் இடப்பக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் தேனுஜனுக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. எனக்கு அதுதான் வேணும் அண்ணை என்று சொல்ல நா வரைக்கும் வந்தது. சொன்னால் அம்மா பொய்க்காரி. "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்று திரும்பிவிட்டான்.

அன்று பின்னேரம் துஷாந்தினி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவன் போய்த் துலாக்காலில் சாய்ந்துகொண்டு நின்றான். வாளியைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தான்.

"சொல்லித் துலை. வாளி தேயப்போகுது" என்றாள் அவள்.

"அக்கா, எனக்குப் பயமாக் கிடக்கு."

"என்னத்துக்கு?"

"லைசென்ஸுக்கு எனக்கு ஓட்டப் பழக்கினது வெறும் லொறியிலை. பாரத்தோடை ஒருநாளும் ஓடேல்லை. பரந்தனுக்கு அங்காலை இராவிலை ரோட்டிலை மாடு படுத்திருக்கும். கறுப்பு மாடு, கறுப்பு ரோட்டு. பிறேக் அடிச்சாலும் நிக்காது. கண்ணை மூடினால் அந்த மாடுதான் வருது."

அவள் சிரிக்கப் போனாள். முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினாள்.

"அம்மாட்டைச் சொல்லன்ரா."

"அவா கோயிலடியிலை தலை நிமிந்து நடக்கிறது இப்பதான் அக்கா. நான் பெயிலானதிலையிருந்து மற்றப் பக்கத்து வாசலாலையெல்லோ போய்வந்தவா."

அவள் தோய்த்த உடுப்பையே திரும்பவும் தோய்த்தாள்.

இரண்டு கொம்பனியும் சனிக்கிழமை முடிவு கேட்டிருந்தன. நாகேஸ்வரிக்குக் குழப்பமே இல்லை, நகரத்துக் கொம்பனிதான். இருந்தாலும் எந்தக் காரியத்துக்கும் பிள்ளையாரிடம் பூக்கட்டிப் பார்க்காமல் அவள் இறங்கமாட்டாள். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனாள். நந்தியாவட்டைப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் செவ்வரத்தம் பூவை இன்னொன்றிலும் சுற்றி நூலால் கட்டினாள். வெள்ளை யாழ்ப்பாணம், சிவப்பு கொடிகாமம். ஐயர் இரண்டையும் பிள்ளையாரின் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். கும்பிட வந்தவர்களின் சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார்கள்.

தேனுஜன் கண்ணை மூடிச் சிவப்பு, சிவப்பு என்று மனத்துக்குள் சொன்னான். ஐயர் நூலைப் பிரித்தார். நந்தியாவட்டை.

நாகேஸ்வரியின் முகம் பூத்துப்போனது. மகனின் முகத்தைத் துஷாந்தினிதான் பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் பிள்ளையாரிட்டை என்னண்டு கேட்டனீங்கள்?"

"எது பெரிய இடம், எது இவனுக்கு மதிப்பு எண்டு கேட்டனான். ஏன்?"

"அப்ப அவர் சரியாத்தான் சொல்லியிருக்கிறார். இவனாலை ஏலுமோ எண்டு நீங்கள் கேக்கேல்லை."

"ஏன் ஏலாது?"

துஷாந்தினி தம்பியைப் பார்த்தாள். இனி அவன்தான் சொல்லவேண்டும். அவன் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பாரம், பிறேக், மாடு எல்லாம் சொன்னான். இடப்பக்கம் இருந்து பழக விருப்பம் என்பதைக் கடைசியில், மெல்லச் சொன்னான். மனேஜருக்கு "ஓம்" சொன்னதையும் மறைக்கவில்லை.

நாகேஸ்வரி கையிலிருந்த அர்ச்சனைத் தட்டை நிலத்தில் வைத்தாள்.

"நான் சொன்ன கதையாலையோ, அப்பு?"

அவன் குனிந்து தட்டை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை.

நேரே மூலஸ்தானத்து வாசலுக்குப் போனாள். ஐயர் பதறிப்போனார். "அம்மா, ஒரு காரியத்துக்கு ரெண்டாந்தரம் பூக்கட்டக்கூடாது."

"நான் பூக்கட்ட வரேல்லை ஐயா. பிழையாக் கேட்டுப்போட்டன் எண்டு சொல்ல வந்தனான்." பிள்ளையாரை நிமிர்ந்து பார்த்தாள். "உம்மிலை ஒரு குறையும் இல்லை. மற்றக் கேள்விக்கு உம்மடை மறுமொழி தேவையில்லை, அது எனக்கே தெரியுது."

அடுத்த நாள் காலமை தாயும் மகனும் கொடிகாமத்தில் பஸ்ஸால் இறங்கினார்கள். வழி முழுக்க அவள் சேலைத் தலைப்பை முறுக்குவதும் விடுவதுமாக வந்தாள். பரமலிங்கம் தேங்காய் ஏற்றிக்கொண்டு நின்றார். சுற்றிவர நாலைந்து பேர். நாகேஸ்வரி அவர்களைப் பார்த்தாள், தொண்டையைச் செருமினாள்.

"தம்பி, இவன் கொழும்புக்கு..."

அதற்குமேல் வரவில்லை.

"நான் ஓடேல்லை அண்ணை" என்றான் தேனுஜன். "இடப்பக்கத்திலை நித்திரை கொண்டு போய்வந்தனான். வீட்டிலை வந்து ஓடினதெண்டு சும்மா அளந்தனான். அம்மா அதை நம்பித்தான் சொன்னவா."

"அவன் அளக்கேல்லைத் தம்பி. அளந்தது நான்" என்றாள் நாகேஸ்வரி.

"இல்லை அண்ணை, நான்தான்."

"பொத்தடா வாயை. நான்தான்."

தேங்காய் எறிந்தவர்கள் எறிவதை விட்டுவிட்டு நின்றார்கள். பரமலிங்கம் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆர் சொன்ன பொய்யெண்டாலும் லொறியிலை ஏத்தாதேங்கோ. ஏற்கனவே பாரம் கூட" என்றார். "டேய், மனேஜருக்கு என்ன சொல்லப்போறாய்?"

"போன் எடுத்து உள்ளதைச் சொல்லுறன்."

"இப்ப எடு."

எடுத்தான். உள்ளதைச் சொல்லி முடித்தான். அந்தப் பக்கம் சுபாஸ்கரன் ஏசினாரா, சிரித்தாரா என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. போனை வைக்கும்போது தேனுஜனின் காது மட்டும் சிவந்திருந்தது.

"சரி, ஏறு. சுன்னாகத்துக்குத்தான் லோட். அம்மா, நீங்களும் ஏறுங்கோ, கோப்பாயிலை இறக்கிவிடுறன்."

நாகேஸ்வரி பிறந்ததற்கு லொறியில் ஏறியதில்லை. மகன் மேலே இருந்து இழுக்க, பரமலிங்கம் கீழே ஒரு தேங்காய்ப் பெட்டியைப் போட, ஒருவழியாக ஏறி நடுவில் இருந்தாள். ரோட்டு எங்கேயோ கீழே கிடந்தது. சாவகச்சேரி கழிய, முன்னால் ஒரு நாய் குறுக்கே வந்தது. பரமலிங்கம் தூரத்திலேயே பிறேக்கை மிதித்துவிட்டார். லொறி கேட்கவில்லை. முனகி, உதறி, தேங்காய் எல்லாம் பின்னால் உருள, போய்க்கொண்டே இருந்து ஒருபாடாக நின்றது. நாய் ஆறுதலாகக் கடந்துபோனது.

நாகேஸ்வரியின் கை மகனின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. லொறி திரும்ப வெளிக்கிட்ட பிறகும் அவள் விடவில்லை.

"தம்பி" என்றாள் பரமலிங்கத்திடம். "ரெண்டு மாசம் காணாது. தீவாளி வரைக்கும் இவனை இடப்பக்கமே இருத்துங்கோ."