தாத்தா மூட்டையில் பம்பு கைப்பிடி

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவளைப் பார்த்ததும் சாய்நாத் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டான். ஆட்டோகிராஃப் கேட்டு வந்தவள் என்று நினைப்பு. பத்து நாளாக அவன் பிழைப்பு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தி.நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்சந்தில் ஒரு மாடி ஸ்டுடியோ. 1995 டிசம்பர், காலை பதினொரு மணி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ஜவஹர் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தான். சோபாவில் காலை ஆட்டியபடி சுயம்புலிங்கம். ஊரில் பாதி ஃபிளாட் கட்டுகிறவர். சாய்நாத்தின் கேசட்டுக்கும் அவர்தான் முதலாளி.

"பேர் சொல்லும்மா, எழுதித் தரேன்."

"அன்புக்கரசி. கையெழுத்து வோணாம் நைனா. ஒண்ணு கேக்கணும்."

இப்போது ஞாபகம் வந்தது. போன மாதம் இதே ஸ்டுடியோவில் கோரஸ் பாடிவிட்டுப் போன எட்டுப் பெண்களில் ஒருத்தி.

அக்டோபரில் கோட்டூர்புரம் ஆற்றோரக் குடிசைகள் பட்டப்பகலில் எரிந்தன. பதினோரு சாவு. ஸ்டவ் வெடித்தது என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள். பிழைத்த பெண்களையே கோரஸ் பாடவைத்து, அவர்களுக்கு உதவ ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு போட்டு விற்றார்கள். ஏற்பாடு, செலவு எல்லாம் சுயம்புலிங்கம்.

'கூரை இல்லாத் தொழுவத்திலே
குழந்தை பிறந்த நாளிது;
கூரை எரிந்த வீட்டுக்கும்
கொஞ்சம் வெளிச்சம் தாருங்கள்.'

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. மயிலாப்பூரில் விஜயலக்ஷ்மி மாமி மார்கழிக் கச்சேரியில் அதை வீணையில் துக்கடாவாக வாசித்தார். தேனாம்பேட்டை பேண்டு கோஷ்டி கல்யாண ஊர்வலத்தில் ஊதியது. திருவல்லிக்கேணி மேன்ஷன் பையன்கள் அதே மெட்டில் மெஸ் சாம்பாரைத் திட்டினார்கள். இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது, கிறிஸ்துமஸ் தாத்தாவை வைத்து மிமிக்ரி சாய்நாத் பாடிய கேலிப்பாட்டு.

'கூரை இல்லா வீட்டுக்குள்ளே
தாத்தா குதிச்சார் டமால்!
மூட்டைக்குள்ளே பொம்மையில்லே,
பம்பு கைப்பிடி பளார்!'

டீக்கடை, ஆட்டோ, காலேஜ் மேடை, எங்கும் இதுதான். சண்டை போட்டு அவன் கேசட் அட்டையில் ஒரு வரி அச்சடிக்க வைத்திருந்தான்: 'ஒவ்வொரு சொல்லும், குரலும், கற்பனையும் சாய்நாத்.'

"கேளும்மா," என்றான்.

"அந்த பம்பு கைப்பிடி. அது இன்னாத்துக்கு பாட்டுல வந்துச்சு?"

"சும்மா தமாஷு."

"தமாஷா?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "தீ புடிச்சப்போ எம்புருசன் தணிகாசலம் குடத்த தூக்கினு அடிபம்பாண்ட ஓடுச்சு. 'கைப்பிடி இல்லடி, எவனோ கயட்டிக்கினு பூட்டான்'னு கத்துச்சு. அப்பாலதான் எம்பொண்ணு தேவானைய தூக்கியார உள்ள பூந்துச்சு. ரெண்டு பேரும் வரல. மறுநாளே புல்டோசர் வந்து பம்போட வாரிக்கினு பூடுச்சு. கைப்பிடி இல்லன்றது அதுக்கும் எனக்கும்தான் தெரியும். துருப்புடிச்சு வுயிந்திருக்கும்னு நானும் யாராண்டையும் வாய தொறக்கல. நீ பாடிக்கினு கீற. உனுக்கு யார் சொன்னா?"

சாய்நாத் பேனாவைச் சட்டைப்பையில் திரும்பச் செருகினான்.

சொன்னது யார்?

கேலிப்பாட்டு எழுதின அன்று நாலாவது வரி வரவேயில்லை. ஜவஹர் டீ குடிக்கக் கீழே போயிருந்தான். அறையில் இரண்டே பேர். சுயம்புலிங்கம்தான் தொடையில் தட்டி, தொண்டையில் சளி சிக்கின மாதிரி அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "பம்பு கைப்பிடியப் போடு தம்பி. ஹெக்... ஹெக்... நல்லா இருக்கும்ல?" கண்ணில் நீர் வரச் சிரித்தார். எரிந்துபோன குடிசைகளை ஒட்டிய மனை அவருடையது. குடிசைகள் வழியை மறித்ததால் ஆறு மாதமாக அடிக்கல் நாட்ட முடியாமல் கிடந்த மனை.

சாய்நாத் சோபாவைப் பார்த்தான். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றிருந்தது.

புத்தாண்டு மேடை அவர் கையில். அடுத்த கேசட் அவர் கையில். போதாக்குறைக்கு, வரி கடன் வாங்கினது என்று ஜவஹர் காதுபட எப்படிச் சொல்வது?

"யாரும் சொல்லலை. நானே எழுதினது," என்றான். "அட்டையிலயே போட்டிருக்கு, பாரு."

சுயம்புலிங்கம் எழுந்தார். அன்புக்கரசியின் தோளில் அப்பா மாதிரி கை வைத்தார்.

"இது சின்ன விஷயமில்லம்மா. வா, என் கார்லயே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். யாரா இருந்தாலும் விடக்கூடாது." கதவருகே திரும்பினார். "ஜவஹரு, தம்பி சொன்னது காதுல விழுந்துச்சில்ல?"

"விழுந்துச்சு சார்."

கார் கிளம்பும் சத்தம் கேட்டபிறகுதான் சாய்நாத்துக்கு உறைத்தது. தன் வாயாலேயே மாட்டிக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு போலீஸ் ஜீப் வந்து அவனை ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போனது.

இன்ஸ்பெக்டர் கேசட் அட்டையை விரலால் சுண்டினார். "ஒவ்வொரு சொல்லும் நீதானாமே?"

"அந்த ஒரு வரி மட்டும் அவர் சொன்னது சார்! சுயம்புலிங்கம் சார்!"

"காலையில அந்தம்மா கேட்டப்போ?"

"பயத்துல மாத்திச் சொல்லிட்டேன்."

"நீ காலையில சொன்னத ஜவஹர் எழுதிக் கையெழுத்தே போட்டுட்டான்யா. ஒரு பேச்சுக்கே வெச்சுக்குவோம். அவர் எப்படிச் சொன்னார்?"

சாய்நாத்துக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். தொடையில் தட்டினான். தொண்டையை இறுக்கினான்.

"பம்பு கைப்பிடியப் போடு தம்பி. ஹெக்... ஹெக்... நல்லா இருக்கும்ல?"

அச்சு அசல். மூச்சு வாங்குகிற இடம்கூடத் தப்பவில்லை.

ரைட்டர் மேஜைக்குப் பின்னால் கான்ஸ்டபிள் குபீரென்று சிரித்துவிட்டார். "அய்யோ சார், அப்படியே நம்ம பில்டர்!" இன்ஸ்பெக்டருக்கே உதடு கோணியது. வாசல் பெஞ்சில் சோடா பாட்டிலோடு உட்கார்ந்திருந்த சுயம்புலிங்கமும் சிரித்தார். "நம்மளையே பண்ணிட்டான் பாருங்க! ஹெக்... ஹெக்..."

இரண்டு சிரிப்பும் ஒன்றாகவே இருந்தன.

அவர் பக்கத்தில் அன்புக்கரசி. தோள் மேல் இருந்த கையை மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த முகத்தை. பிறகு சாய்நாத்தை.

"சார்," என்று எழுந்தாள். "இந்த ஆளுதான்."

"எந்த ஆளு?"

"இதோ, சோடா வாங்கிக் குடுத்தாரே, இவருதான் கைப்பிடிய பத்தி சொன்னவரு."

"உக்காரும்மா!" இன்ஸ்பெக்டர் சீறினார். "காலையில அவன்னே. இப்போ இவருன்றே. மிமிக்ரி பாத்து மயங்கிட்டியா? கம்ப்ளெயின்ட்ல கைநாட்டு வெச்சாச்சு. மாத்த முடியாது."

சுயம்புலிங்கம் கோபப்படவில்லை. கார் சாவியை விரலில் சுற்றினார். "பாவம் சார், புருசன் புள்ளைய பறிகொடுத்தவ. வாம்மா, வீட்டுல விட்டுட்டுப் போறேன். வண்டி நிக்குது."

"வோணாம்." அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நான் நடந்தே போறேன்."

"அவ்ளோ தூரமா? தனியாவா?" என்றார் சுயம்புலிங்கம். "போற வழியில ஏதாவது ஆயிடப்போவுது. வாம்மா."

சாய்நாத் எழுந்தான். கான்ஸ்டபிள் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"போகாதே! அந்த வண்டியில ஏறாதேம்மா!" என்று கத்தினான்.

"இது யார் குரலு?" என்று கான்ஸ்டபிள் ஆவலோடு கேட்டார்.