புகை விடாத ஜெனரேட்டர்

இருபத்திரண்டு வருடமாக நான் டீசல் மெக்கானிக். நுரையீரல் கெட்டு என் மனைவி ஆக்ஸிஜன் மெஷினோடு படுத்த பிறகு, கரண்ட் போனால் கொல்லைப்புறத்துப் பழைய ஜெனரேட்டர்தான் கதி. கரண்ட் தினமும் போகும். ஜெனரேட்டர் ஓடினால் கரும்புகை ஜன்னல் வழியாக நேரே அவள் கட்டிலுக்கு வரும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கத்தில் தவிப்பாள்.

தாவர எண்ணெயில் செய்த டீசல் ஒன்று இருப்பதாக வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். ஒரு கேன் வாங்கி வந்தேன். ஜன்னலுக்கு வெளியே இரண்டு தகர மூடிகளில் இரண்டு டீசலையும் ஊற்றி, திரி போட்டு, அவள் பார்க்கக் கொளுத்தினேன். பழையது கரியைக் கக்கிக்கொண்டு எரிந்தது. புதியது சமர்த்தாக எரிந்தது. ஜெனரேட்டரில் ஊற்றிப் புகைக்குழாயில் வெள்ளைத் துணியைப் பிடித்தேன். ஒரே நிமிடத்தில் கறுத்துப்போகிற துணி லேசாக மங்கியதோடு சரி. இழுவை கொஞ்சம் கம்மி, குடிப்பது கொஞ்சம் அதிகம். போகட்டும். பலகாரக் கடை வாசம் வந்தது.

"என்னங்க, பின்னாடி கடை போட்டுட்டீங்களா? பசிக்குது" என்றாள். அவள் கேலி செய்து பல மாதம் ஆகியிருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த டீசல் தொட்டியில் படிந்த பழைய கசடையெல்லாம் கரைத்துக் கிளப்பிவிடும், ஃபில்டரைச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள் என்று விற்றவன் சொல்லித்தான் அனுப்பினான். எனக்கே பாடம் எடுக்கிறானே என்று எரிச்சலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாற்றலாம் என்று தள்ளிப்போட்டேன். ஊரார் இன்ஜின் என்றால் அன்றைக்கே மாற்றியிருப்பேன், பாவி.

வியாழக்கிழமை மதியம் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தபோது, வீட்டில் அவளுக்குத் துணையிருந்த மச்சினி போன் செய்தாள். கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் விக்கி விக்கி நின்றுவிட்டது என்றாள். அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் இருபது நிமிடம் வந்தது. நான் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. ஆம்புலன்ஸ் எனக்கும் பிறகு வந்தது.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் ஃபில்டரைக் கழற்றினேன். எட்டு வருடக் கசடு தார் மாதிரி அப்பியிருந்தது. மச்சினி பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, பழைய டீசலே ஊத்தியிருந்தா நின்னிருக்காதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. நின்றிருக்காது என்றேன்.

அவள் என் கையிலிருந்த ஃபில்டரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"சிலிண்டர் தீரும்போதுகூட அக்கா பயப்படல மாமா. அவருக்குத் தெரியாத இன்ஜினா, வந்து சரி பண்ணிடுவாருன்னு எனக்குத்தான் தைரியம் சொன்னா."