உயிரோடு இருக்கிறான் கட்சி

தொலைக்காட்சித் தொடரில் ஏழு வருஷத்துக்கு முன் காணாமல் போன பையன் செத்துவிட்டான் என்பதில், அதைப் பார்த்து வம்பளக்கும் கைபேசிக் குழுவில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கொன்றது யார் என்பதில்தான் அடிதடி. பல் டாக்டர், பையனின் தாய்மாமன்தான் என்று முதல் வாரத்திலிருந்தே ஒற்றைக்காலில் நின்றார். ஆடிட்டர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் என்றார். கோழிக்கடைக்காரர் வாரத்துக்கு ஒருவரைப் பிடித்து உள்ளே தள்ளுவார். போன வாரம் துப்புத் துலக்க வந்த இன்ஸ்பெக்டரம்மாவையே கொலைகாரி ஆக்கிவிட்டு, கூச்சநாச்சம் இல்லாமல் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டார். எண்பது பேருக்கு மேல் சேர்ந்த கூட்டம், ஆளுக்கொரு கைபேசி, கேட்கவா வேண்டும்.

"பையன் உயிரோட இருக்கான்."

இதை ஒவ்வொரு வாரமும் எழுதுகிறவள் ஒரே ஒருத்திதான். துணி திருத்தித் தைக்கும் கடையில் வேலை பார்ப்பதால் அவளுக்குக் குழுவில் ஊசியக்கா என்று பெயர். அவள் எழுதியதுமே, "வந்துட்டாங்கய்யா, உயிரோடு இருக்கிறான் கட்சித் தலைவி!" என்று கோழிக்கடைக்காரர் கூவுவார். "தொண்டர்கள் எத்தனை பேரு, அக்கா?" என்று இன்னொருவர் கேட்பார். அடுத்து எல்லாரும் சேர்ந்துகொண்டு, "ஆதாரம் எங்கே? ஆதாரம் எங்கே?" என்பார்கள். அதுதான் அந்தக் குழுவின் சட்டம். எதைச் சொன்னாலும், தொடரில் அந்தக் காட்சியை நிறுத்தி, படம் பிடித்து, வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். காட்டாமல் யாரும் தப்ப முடியாது. குழுவைத் தொடங்கியவரே ஒரு தடவை ஆதாரம் இல்லாமல் பேசி, நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஊசியக்கா பேன்ட்டுக்கு அடிமடிப்பு தைத்தபடியே இதையெல்லாம் படித்துச் சிரிப்பாள். கைபேசியைத் தையல் இயந்திரத்தின் கழுத்தில் சாய்த்து வைத்திருப்பாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டதால், கடையில் காஜா எடுக்கிற பெண்கூட ஒருநாள், "என்னக்கா, ஒரு மார்க்கமா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

அவளுடைய சொந்த மகன், சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். ஏழு வருஷம் ஆகிவிட்டது. சைக்கிள் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. தேடாத இடமில்லை, கும்பிடாத சாமியில்லை, கால் கடுக்க நிற்காத ஸ்டேஷன் வாசல் இல்லை. கடைசியில் ஸ்டேஷன்காரர்களே அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள். மற்றவர்களும் அப்படித்தான். அவள் நுழைந்தால் பேச்சு அடங்கும். யாராவது தன் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்துவிட்டு, இவளைப் பார்த்ததும் பாதியில் விழுங்குவார்கள். குழுவில் அந்தக் கதை ஒருவருக்கும் தெரியாது. காணாமல் போன ஒரு பையனைப் பற்றி ஊரே அவளோடு மல்லுக்கு நின்று, கிண்டலடித்து, வம்பு வளர்த்த இடம் அது ஒன்றுதான். அவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொன்னால் புரிந்துகொள்வார்களோ என்னவோ, ஆனால் உண்மை அதுதான்.

வீட்டிலோ வேறு ரகளை. இரண்டே அறை உள்ள வீடு. ஒன்றில் இவளும் கணவனும். இன்னொன்று மகனுடையது. மகள் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறாள். அவள் இப்போது அண்ணன் போன வயதைத் தாண்டிவிட்டாள். துணி மாற்றக் குளியலறைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

"வயசுப் பொண்ணு. அவளுக்குன்னு சாத்திக்க ஒரு கதவு வேணாமா?" என்று கணவன் கேட்பான். அவன் பேருந்து ஓட்டுநர். அதிகம் பேசமாட்டான்.

"அவன் வந்தா எங்க படுப்பான்?" என்பாள் இவள்.

உடனே அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவான். மகனின் பேரைக்கூட எடுப்பதில்லை என்பதால், அவன் மனசுக்குள் மகனைத் தலை முழுகிவிட்டான் என்றே இவள் நினைத்தாள். அந்தக் கோபத்தில் பல நாள் அவனுக்குச் சோறு போடும்போது பாத்திரம் சத்தம் போடும்.

கடைசி வாரத்துக்கு முந்தின வாரம்தான் வினை வந்தது. அந்த வாரத் தொடரில் பையனின் அறையைக் காட்டினார்கள். நீலச் சுவர், மேசை மேல் விரற்கடை உயரத்துக்குத் தூசி, மூலையில் ஒரு பந்து. பல் டாக்டர் விடுவாரா? படத்தை நிறுத்தி, தூசிக்கு வட்டம் போட்டு, "பாத்தீங்களா? பெத்தவளே கைகழுவிட்டா. கேஸ் முடிஞ்சுது," என்று போட்டார்.

இவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "பெத்தவ ரூமை அப்படிப் போட்டு வெக்கமாட்டா. எடுத்தவனுக்கு ஒரு மண்ணும் தெரியல," என்று எழுதினாள்.

"ஆதாரம் எங்கேக்கா?"

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. மகனின் அறைக் கதவைத் திறந்தாள், விளக்கைப் போட்டாள், படமெடுத்தாள், அனுப்பினாள். 'இப்படித்தான் வெச்சிருப்பா' என்று கீழே எழுத வேண்டும் என்றுதான் நினைத்தாள். அதற்குள் மகள், "அம்மா, குழாய் பிச்சுக்கிச்சு! ஓடி வா!" என்று குளியலறையிலிருந்து அலறினாள். துணியைச் சுற்றி, கயிற்றைக் கட்டி, தரையைத் துடைத்து, நனைந்த புடவையோடு திரும்பி வந்து கைபேசியை எடுத்தால், குழு பற்றி எரிந்துகொண்டிருந்தது.

அவர்கள் அதைக் கடைசிப் பகுதியின் படம் என்று நினைத்துவிட்டார்கள். திருட்டுத்தனமாக வெளியே வந்த படமாம். இந்த அறைக்கும் நீலச் சுவர்தான். இங்கேயும் கட்டிலுக்கடியில் ஒரு பந்து கிடந்தது. அது போதாதா அந்தக் கூட்டத்துக்கு!

"அக்கா, சத்தமில்லாம பெரிய வேலை பண்ணிட்டீங்களே! எங்க பிடிச்சீங்க?" என்று கோழிக்கடைக்காரர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஆளாளுக்குப் படத்தைப் பெரிதாக்கி வட்டம் போட ஆரம்பித்திருந்தார்கள். அவளுடைய மகனின் கட்டிலுக்கு மேல் சிவப்பு வட்டம். அவன் சுவரில் ஒட்டிய பாட அட்டவணைக்கு மேல் மஞ்சள் வட்டம். போர்வையின் மடிப்பைப் பார்த்து, இதில் யாரும் படுத்ததே இல்லை என்று ஒருவர் கண்டுபிடித்தார்.

ஆடிட்டர்தான் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சட்டையைப் பிடித்தார். பொறுமையாக, கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி எழுதியிருந்தார்.

"இந்தச் சட்டையை நல்லாப் பாருங்க. போன வாரம் தேய்ச்ச மாதிரி இருக்கு. ஆனா அளவு? பள்ளிக்கூடப் பையன் அளவு. காணாமப் போய் ஏழு வருஷம். இன்னிக்கு அவன் ஆம்பளையா வளந்திருப்பான். திரும்பி வருவான்னு நம்புற அம்மா, அவனுக்கு ஏத்த சட்டை ஒண்ணு வாங்கி வெச்சிருக்க மாட்டாளா? பழசையே துவைச்சுத் தேய்ச்சு மாட்டுறா. அவன் வரமாட்டான்னு அவளுக்கே தெரியும். வாயால சொல்லிக்கல, அவ்வளவுதான்."

"அடேயப்பா!" என்று எழுதினார் பல் டாக்டர். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் தையல்காரி. "வளர்ற பையன், ரெண்டு விரல் விட்டு மடிச்சுத் தைங்க" என்று எத்தனை தாய்மார்கள் அவளிடம் பள்ளிச் சீருடையைக் கொடுத்திருக்கிறார்கள்! அடுத்த வருஷம் வந்து, "பிரிச்சு விடுங்க, இப்பவே கணுக்காலுக்கு மேல நிக்குது" என்பார்கள். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் வருஷா வருஷம் மடிப்பைப் பிரித்துவிட்ட கை. இவ்வளவு நாளில் சொந்த மகனுக்கு அரை விரல் கூட்டிப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை?

'அது என் பையன் ரூம்' என்று எழுதினாள். அழித்தாள்.

மறுநாள் மாலை, கணவன் வேலை முடிந்து சீருடையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனாள். "கொஞ்சம் நேரா நில்லுங்க," என்றாள்.

"எனக்கு எதுக்கு இப்போ சட்டை? இருக்கறதே போதும்."

"நில்லுங்கன்னா நில்லுங்க."

தோளை அளந்தாள். முதுகை அளந்தாள். கையை அளந்து முடித்தவள், நாடாவை அவன் மணிக்கட்டைத் தாண்டி இழுத்துப் பிடித்துப் பார்த்ததை அவன் கவனித்துவிட்டான்.

"கை நீளத்துக்கு ரெண்டு விரல் கூட வெச்சுக்க," என்றான். "அப்பவே அவனுக்கு என் காதுவரைக்கும் உயரம். இப்போ என்னைத் தாண்டியிருப்பான்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேரும் உடைந்துவிடுவார்கள்.

"உடம்பு?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியலயேம்மா. நானும் ஒவ்வொரு ஸ்டாப்புலயும் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். இருபது, இருபத்திரண்டு வயசுல ஏறுற பசங்கள்ல ஒல்லியும் இருக்கான், தடியனும் இருக்கான். அவன் எப்படின்னு எனக்குத் தெரியல," என்றான்.

தலை முழுகிவிட்டான் என்று நினைத்தாளே, அந்த மனுஷன் ஏழு வருஷமாக வண்டியை நிறுத்தி நிறுத்தி முகம் பார்த்திருக்கிறான். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. நாடாவைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சட்டை நீளத்துக்குத் துணியை வெட்டினாள். ஆனால் நெஞ்சளவுக்குக் குறி போடும்போது கை நின்றுவிட்டது. எந்தச் சட்டைக்கும் ஓர் உடம்பு வேண்டும். அவள் மனசில் இருந்த உடம்பு பதினைந்து வயசுக்காரனுடையது. அதை இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் யாரோ ஒருத்தன்தான் நின்றான். சாக்குக்கட்டியைக் கீழே வைத்தாள். வெட்டிய துணி அப்படியே மேசைமேல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசிப் பகுதி. கணவனுக்கு அன்று வேலை. அவளும் மகளும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். மாமன் இல்லை, வேன்காரன் இல்லை, இன்ஸ்பெக்டரம்மாவும் இல்லை. கடைசிக் காட்சியில் கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. தாய் திறக்கிறாள். வாசலில் தாடி வைத்த ஒரு வாலிபன்.

"யாருப்பா வேணும்?" என்று தாய் கேட்கிறாள். அவன் பதில் சொல்லாமல் அழுகிறான். அவ்வளவுதான், தொடர் முடிந்தது.

"அம்மா! நீ சொன்னதுதாம்மா!" என்று மகள் குதித்தாள்.

குழுவிலோ வசை மழை. "காதுல பூ சுத்துறதுக்கு ஒரு அளவு வேணாமா?" என்றார் கோழிக்கடைக்காரர். "பத்து வாரம் உக்காந்து பாத்ததுக்கு நல்லா நாமம் போட்டாங்க," என்றார் ஆடிட்டர். "பெத்தவளுக்கே பிள்ளைய அடையாளம் தெரியலையாம், கூத்து!" என்றார் வேறொருவர். பல் டாக்டர்தான் அதிகம் கொதித்தார்: "ஏழு வருஷம் காணாமப் போன பையன் திரும்பி வந்து கதவைத் தட்டினான்னு நிஜத்துல ஒரே ஒரு கேஸ் காட்டுங்க பாப்போம். ஆதாரம் எங்கே?"

"எப்படியோ நம்ம தலைவி ஜெயிச்சுட்டாங்க! அக்கா, ஒரு வார்த்தை பேசுங்க. ஆமா, நீங்க போட்ட அந்த ரூம் வரவே இல்லையே? அது எந்த சீன்?" என்று கோழிக்கடைக்காரரே கேட்டார்.

அவள் நிதானமாக எழுதினாள். இந்தத் தடவை அழிக்கவில்லை.

"அது தொடர் இல்ல. என் பையன் ரூம். சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போனான். ஏழு வருஷமாச்சு. ஆடிட்டர் சார், நீங்க சட்டையைப் பத்திச் சொன்னது சரிதான். அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியும்னுதான் நினைக்கிறேன்."

யாரோ எழுதுவதாகக் காட்டியது, மறைந்தது. மறுபடி காட்டியது. முதலில் வந்தது பல் டாக்டருடையது.

"வருவான்க்கா."

அடுத்து ஆடிட்டர். "கண்டிப்பா வருவான். நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்கம்மா."

"வருவான்," என்றார் கோழிக்கடைக்காரர். பொம்மை எதுவும் இல்லை. அப்புறம் இன்னொருவர், இன்னொருவர், இதுவரை வாயே திறக்காதவர்கள்கூட. வருவான், வருவான், வருவான் என்று திரை மேலே ஏறிக்கொண்டே போனது.

அவள் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். ஒருத்தராவது கேட்பார் என்று காத்திருந்தாள். ஒரு தூசிக்கும் ஒரு பந்துக்கும் மென்னியைப் பிடிக்கிற கூட்டமாயிற்றே! எப்படிச் சொல்றீங்க, ஆதாரம் எங்கே என்று யாராவது ஒருத்தர் சண்டைக்கு வரமாட்டாரா? கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை.

அவள் வாய்விட்டு அழுதாள். வாசலில் அப்போதுதான் வந்து நின்ற கணவன், பையைக்கூடக் கீழே வைக்காமல் ஓடி வந்தான். அவளையும் தொலைக்காட்சியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னம்மா ஆச்சு? கதையில அந்தப் பையன் செத்துட்டானா?" என்று மகளிடம் கேட்டான்.

"இல்லப்பா," என்றாள் மகள். "வீட்டுக்கு வந்துட்டான்."