தீக்குச்சிச் சிக்கனம்

காபித் தண்ணீர் வைக்க லெட்டி சமையலறைக்குள் வந்தபோது அவள் கணவன் எமரி ஷாஃப் அடுப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். வெளியே தெரிந்தது இரண்டு கால்களும், காலுறை ஓட்டை வழியே எட்டிப்பார்த்த ஒரு கட்டைவிரலும்தான். சவர பிரஷ்ஷில் சோப்பு நுரையைத் தொட்டுத் தொட்டுக் குழாயின் மூட்டுகளில் பூசி, எங்காவது குமிழ் எழுகிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உத்தரவின்படி வீட்டின் ஜன்னல்கள் அத்தனையும் திறந்திருந்தன. நவம்பர்க் காற்று திரைச்சீலையைத் தூக்கி வெண்ணெய்க் கிண்ணத்தின் மேல் போட்டது. லெட்டி தன் கோட்டின் மேல் அவனுடைய பழைய கோட்டையும் மாட்டியிருந்தாள். அவன் தலைக்கு நேர் மேலே, அடுப்பின் சின்ன வளையத்தில், பாத்திரம் எதுவும் இல்லாமல் நீலத் தீ சாதுவாக எரிந்துகொண்டிருந்தது.

“தீக்குச்சி எதுவும் உரசிடாத, லெட்டி,” என்றது அடியிலிருந்து குரல்.

“நான் எதுக்கு உரசப்போறேன்?” என்று சொல்லிவிட்டு, கெட்டிலை எரிகிற தீயின் மேல் வைத்தாள்.

சுவருக்கு அந்தப்புறம், மாட்டுத் தீவனம் நிறுக்கும் தராசின் மேல், அவள் இடுப்புயரத்துக்கு ஒரு இரும்புச் சிலிண்டர் நின்றது. எண்ணெய்க் கிணறுகளில் எடுத்த பெட்ரோலிலிருந்து வீணாகக் காற்றில் போய்க்கொண்டிருந்த வாயுவைப் பிடித்து, குளிரவைத்து, அழுத்தி, தண்ணீர் மாதிரி ஆக்கி அதற்குள் அடைத்திருந்தான் எமரி. அவன் கணக்குப்படி ஒரு சிலிண்டர் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் வரவேண்டும். முதல் சிலிண்டர் பத்து நாள்கூட வரவில்லை. இரண்டாவது அதைவிட மோசம். இப்போது நிற்பது மூன்றாவது. சனிக்கிழமை மத்தியானம், இதில் பணம் போடலாமா என்று பார்க்க, பிட்ஸ்பர்கிலிருந்து மிஸ்டர் ரட்லெட்ஜ் சாப்பிட வருகிறார். இந்த அடுப்பில் சமைத்ததைத் தின்றுவிட்டு, தராசைப் பார்த்துவிட்டு, இரும்பாலைக்குச் சிலிண்டர் செய்யச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார். வேண்டாமென்றால் எமரி நகரத்துக்குத் திரும்பி, சுரங்க வெடிமருந்தைச் சோதிக்கும் பழைய மேசைக்கே போகவேண்டியதுதான். அந்த மேசையைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவன் ரொட்டியை மெல்லுவதை நிறுத்திவிடுவான்.

லெட்டிக்கு இந்த வாயுவைத் தன் கணவனைத் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். முதன்முதலாக அவள் அப்பாவைப் பார்க்க வந்தபோது பூங்கொத்துக்குப் பதில் ஒரு ஜாடி பெட்ரோல் கொண்டுவந்தவன் அவன். அந்த நாளில் எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள்: கடையில் ஜாடி நிறைய வாங்கினால் வீடு வருவதற்குள் முக்கால் ஜாடியாகிவிடுகிறது, கடைக்காரன் திருடன் என்று. இல்லை, அதற்குள் பெட்ரோலோடு ஒட்டாத வேறொன்று இருக்கிறது, அது வெளியே போகத் துடிக்கிறது என்று விளக்கத்தான் எமரி வந்திருந்தான். விளக்கி முடிப்பதற்குள் ஜாடியின் தக்கை பறந்துபோய் மேசை விளக்கின் கண்ணாடியை உடைத்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். வந்தவனோ உடைந்த கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தொட்டிலை எட்டிப்பார்க்கிற தகப்பனைப் போல, ஜாடிக்குள் எட்டிப்பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் லெட்டி சம்மதித்தாள். இதை அவனிடம் அவள் சொன்னதில்லை.

கல்யாணமாகி ஆற்றைத் தாண்டி இங்கே வந்ததும் அவளுக்கு அழுகைதான் வந்தது. இருவரும் பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், மெரிட்டனில். அங்கே பூமிக்கடியிலிருந்து வாயு தானாகவே பொங்கியது. ஒவ்வொரு வீட்டுச் சமையலறைக்கும் குழாய் போனது. இந்தப் பக்கம் கரி அடுப்பு, சாம்பல், கண்ணெரிச்சல். ஒருநாள் அவள் புகையில் அழுகிறாளா, பிறந்த ஊரை நினைத்து அழுகிறாளா என்று தெரியாமல் எமரி வாசற்படியில் நின்றான். பிறகு, குழாய் வராத வீட்டுக்கும் அந்த நீலத் தீயைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றான். சொல்லி நாலு வருஷமாயிற்று. நிலவறையில் பழைய குழாய்ச் சுருள்களை வைத்துக்கொண்டு அவன் செய்த சோதனைகளில் ஒரு தடவை இரண்டு புருவமும் கருகிப்போயின. அவள் கண்மையால் புருவம் வரைந்துவிட்டு அவனை மாதா கோவிலுக்குக் கூட்டிப்போனாள்.

இப்போது அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கசிந்தால் தண்ணீர் போலத் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் நிலவறைக் கதவைத் திறந்தே வைத்தான். குளிர்காலத்துக்கென்று சேர்த்த உருளைக்கிழங்கெல்லாம் விறைத்துக் கல்லாயிற்று. காலையும் மாலையும் சோப்பு நுரை. குமிழே எழவில்லை, தராசு முள் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. கசிவு கண்ணுக்குத் தெரியும்வரை சமையலறையில் தீக்குச்சியே கூடாது என்று அவன் சொன்னதை லெட்டி ஒரு தடவைகூட மீறவில்லை. மீறவேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை காலை எமரி சாப்பிடாமல் கிளம்பினான். மத்தியானம் தந்தி ஆபீசுக்குப் போய், வரவேண்டாம் என்று ரட்லெட்ஜுக்குத் தந்தி கொடுத்துவிடப்போவதாக, தொப்பியைத் தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். எங்கே ஓட்டை என்று தெரியாத ஒரு பொருளை இன்னொருவன் வீட்டுக்குள் எப்படி வைக்கச் சொல்வது?

அவன் போன பிறகு பக்கத்துப் பண்ணையிலிருந்து ஹல்டா பெனிங்காஃப் ஒரு கிண்ணம் ஆப்பிள் களியோடு வந்தாள். எதிலும் குற்றம் கண்டுபிடித்துவிட்டு, அதற்கு ஈடாக எதையாவது கொடுத்துவிட்டுப் போவது அவள் வழக்கம்.

“குளிர்ல வெறச்சுச் சாகவா கல்யாணம் கட்டிக்கிட்ட, பொண்ணே? ஜன்னலைச் சாத்தக் கூடாதா?” என்றவள், அடுப்பைப் பார்த்ததும் நின்றாள். “அது யாருக்கு எரியுது?”

“எது?”

“அந்தத் தீ. மேல ஒண்ணும் இல்லையே. விருந்தாளி யாரும் வராங்களா?”

லெட்டி சிரித்தாள். அணைத்தால் மறுபடி பற்றவைக்க ஒரு தீக்குச்சி தண்டம்தானே என்றாள். ஹல்டா அவளையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். “நல்ல சிக்கனம்டியம்மா,” என்றாள். “முட்டையை மிச்சம் பிடிக்கக் கோழியை அடிச்சுத் தின்ன கதை.” கிண்ணத்தை வைத்துவிட்டு, அது திரும்பி வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஹல்டா போன பிறகும் லெட்டி கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். மெரிட்டனில் ஒரு வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று வாயுவுக்கு ஒரே கட்டணம்; எவ்வளவு எரித்தாலும் அதேதான். தீக்குச்சிப் பெட்டியை மட்டும் கடையில் காசு கொடுத்து வாங்கவேண்டும். “குச்சிக்குக் காசு, தீ இனாம்” என்பது அந்த ஊர்ப் பழமொழி. அதனால் தீயை யாரும் அணைப்பதில்லை. புழுக்கமானால் ஜன்னலைத் திறப்பார்கள். தெருவிளக்குகள் பட்டப்பகலில் எரியும். அவள் அம்மா இறந்த அன்று மட்டும் அப்பா குழாயின் பெரிய திருகை மூடினார். சாவு விழுந்த வீட்டில்தான் அப்படிச் செய்வது. அடுப்பு கறுத்துக் குளிர்ந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான், அம்மா இனி எழுந்திருக்கமாட்டாள் என்று லெட்டிக்கு உறைத்தது. மூன்றாம் நாள் அத்தை வந்து பற்றவைத்தாள்.

இன்னொன்றும் அப்போது தோன்றியது. தரையில் வாயு தேங்கினால் ஒரு பொறி போதும், வீடு மேலே போய்விடும் என்கிறானே எமரி. இந்த வளையம் இரவும் பகலும் எரிகிறதே, நாம் எப்படி இன்னும் கீழேயே இருக்கிறோம்? கசியவே இல்லை. அப்படியானால் அவ்வளவும் எங்கே போகிறது? அது போய்க்கொண்டிருக்கிற இடத்தை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

பேசாமல் திருகை மூடிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துவிடலாம். முள் இறங்குவது நின்றுவிடும். ஆனால் எமரியை அவளுக்குத் தெரியும். ஏன் நின்றது என்று தெரியாதவரை, நின்றதையும் நம்பமாட்டான். தந்தியும் போய்விடும். அவள் இரண்டு கோட்டுகளோடும் ஓட்டமும் நடையுமாக எமரி வேலை செய்யும் பெட்ரோல் கொட்டகைக்குப் போனாள். அவ்வளவு தூரம் வந்தும், முதலில் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனை இத்தனை நாள் தூங்கவிடாமல் செய்தது தான்தான் என்று எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

எமரி தொப்பியோடு வாசலுக்கு வந்தான். தந்தி ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கொட்டகை வாசலில், வேண்டாத வாயுவை எரித்துத் தீர்க்கும் கம்பத்தின் உச்சியில், ஆள் உயரத்துக்கு ஒரு தீ வெயிலோடு வெயிலாக எரிந்துகொண்டிருந்தது.

“எமரி, வாசல்ல என்ன எரியுது?” என்றாள்.

“எங்க?” அவன் பதறிச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“உன் தலைக்கு மேல.”

நிமிர்ந்து பார்த்தான். “அதுவா? அது எப்பவும் எரியறதுதானே.”

“நம்ம அடுப்புல, சின்ன வளையம்?”

“அதுவும் எப்பவும்…”

வாக்கியம் பாதியில் நின்றது. அவன் உதடுகள் மட்டும் அசைந்தன. கணக்குப் போடும்போது அப்படித்தான் அசையும்.

“ராத்திரியுமா?” என்றான் கடைசியில்.

“ராத்திரியும்தான். முன்னெல்லாம் படுக்கப் போறப்ப தணிச்சு வைப்பேன். நீ குச்சி உரசக் கூடாதுன்ன பிறகு, அணைஞ்சுடுமோன்னு தணிக்கறதும் இல்ல.”

அவன் அங்கே கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டான். கோபம் வரும் என்று லெட்டி காத்திருந்தாள். தினமும் அந்தத் தீக்கு அடியில் படுத்து ஓட்டை தேடியவன் அவன். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் ஆட்டைத் தேடின மாதிரி. அவன் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

“அப்ப லீக் இல்ல,” என்றான். “லெட்டி, லீக்கே இல்ல.”

எண்ணெய்க் கையோடு அவளைக் கட்டிக்கொண்டான். உள்ளேயிருந்து யாரோ, இது வேலை நேரம் ஷாஃப் என்று கத்தினார்கள். அவன் விடவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். கணக்கு சரியாக வந்துவிட்டது. வளையம் குடித்ததைக் கழித்தால் ஒரு மாதம் வரத்தான் செய்யும். ஆனால் ரட்லெட்ஜிடம் காட்ட அவனிடம் இருப்பது காலியான இரண்டு சிலிண்டரும், கழித்தல் கணக்கும்தான். அவர் நம்பவேண்டுமே. தவிர, வாயு தெரிந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே அணைக்கத் தெரியாதவர்கள். தெரியாத ஊர்க்காரர்கள் பற்றவைக்கவே பயப்படுவார்கள். “நான் இதுவரைக்கும் எரியவைக்கத்தான் யோசிச்சேன்,” என்றான். “அணைக்கறதைப் பத்தி யோசிக்கவே இல்ல. அவர்கிட்ட இதையும் சொல்லிடணும்.” தந்தி ஆபீசைத் தாண்டி வந்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் திருகுக்குப் பக்கத்தில் வந்து நின்றும் லெட்டியின் கை போகவில்லை. எமரி தானே மூடியிருக்கலாம். மெரிட்டன்காரன், திருகை மூடுவது என்றால் என்னவென்று அவனுக்கும் தெரியும். தள்ளி நின்று ஆப்பிள் களியை விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தான், ஏதோ அவளுக்காகக் காத்திருக்கவில்லை என்பதுபோல. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடினாள். அதன் பிறகு இருவரும் போய் வீட்டின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள்.

சனிக்கிழமை காலை அவள் எழுந்தபோது சமையலறை குளிர்ந்து கிடந்தது. கோழி ஊறிக்கொண்டிருந்தது, ‘பை’ பலகாரத்துக்கு மாவு பிசைந்தாயிற்று, ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க எமரிதான் பற்றவைத்துக் கொடுத்தான். இப்போது அவன் வெளியே தராசின் முன்னால் குந்தி, முள் நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். லெட்டி ஒரு குச்சியை எடுத்து உரசி, திருகைத் திறந்து, வளையத்தின் ஓரத்தில் காட்டினாள்.

எத்தனையோ ஆயிரம் வேளை அந்தத் தீயில் சமைத்தவள், அது பிறப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. ஒரு துளையில் பற்றியது. அது பக்கத்துத் துளைக்குச் சொன்னது, அது அடுத்ததற்கு. விடிகாலையில் ஒரு தெருவில் வீடு வீடாகக் கதவு திறக்கிற மாதிரி நீலம் இரண்டு பக்கமும் ஓடி, எதிர்முனையில் சேர்ந்து, வட்டமாகி நின்றது. கண் இமைக்கிற நேரம்தான். அவள் திருகை மூடினாள். இன்னொரு குச்சியை உரசினாள். பிறகு ஜன்னலைத் தட்டி எமரியைக் கூப்பிட்டாள்.

அவன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தான். பேசாமல் பார் என்றாள். அவன் தலை வளையத்தின் உயரத்துக்கு வரும்படி முழங்காலிட்டான். தூரத்தில் ஆற்றுப் பாலத்தின் மேல் ரயில் ஏறும் சத்தம் கேட்டது. சட்டை மாற்றவேண்டும், மேசை போடவேண்டும், கோழியை இன்னும் அடுப்பிலேயே ஏற்றவில்லை. “இன்னொரு தடவை,” என்றான் எமரி. லெட்டி மூன்றாவது குச்சியை உரசினாள். இரண்டு நீலங்களும் வளையத்தின் இரு பக்கமாக ஓடத் தொடங்கின.