சிங்கத்துக்கு ஏன் மூக்கு வளைஞ்சிருக்கு?

"சாயங்காலம் வரைக்கும் பக்கத்துல இருக்கிறது எதுவும் தெளிவாத் தெரியாதும்மா. எழுத்தெல்லாம் கலங்கலாத்தான் இருக்கும்" என்று கண் டாக்டர் சொன்னதும் டிரைவரம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. பஸ் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் நடக்கிற பரிசோதனைதான், கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். ஆனால் அது இன்றைக்குப் பார்த்தா வந்து தொலைய வேண்டும்? நாளைக்கு டிப்போ ஆண்டு விழா. டிப்போக்காரர்களின் பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் இவள்தான். அந்தக் கிட்டாரோ ஒத்திகை நடந்த ஷெட்டில் டயர் ஒன்று சாய்ந்து விழுந்து, கழுத்து முறிந்து கிடந்தது. இன்றைக்கே புதுசு வாங்கியாக வேண்டும்.

"கிட்டாருக்குக் கண்ணு எதுக்கு அண்ணி? காது இருக்கில்ல, வாங்க" என்று கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தாள் நாத்தனார். அவளுக்கு டிப்போ அலுவலகத்தில் வேலை, குழுவில் டிரம்ஸ்.

வழி நெடுக டிரைவரம்மாவின் புலம்பல் ஓயவில்லை. "நேத்தும் ஒருத்தன், படியில ஒரு கால் வெச்சவன், ஸ்டியரிங்ல என்னைப் பாத்ததும் இறங்கிட்டான். அடுத்த பஸ்ல வர்றானாம். நான் எப்படி ஓட்டுவேன்னு அவனுக்கு என்ன தெரியும்?"

நாத்தனார் "ம்" என்றாள்.

டிரைவரம்மா தங்கமான மனுஷிதான், கிட்டார் பேச்சு வந்தால் மட்டும் ஆளே மாறிவிடுவாள். சிங்க மார்க் என்றால் கிட்டார், மற்றதெல்லாம் அடுப்பெரிக்க என்பது அவள் கட்சி. முன்பு ஒரு நாள் நாத்தனார் ஆசையாக ஒரு கிளி மார்க் பேஸ் கிட்டாரை வாங்கி ஒத்திகைக்குக் கொண்டுவந்து, "நானும் ஒரு பாட்டுக்கு வாசிக்கட்டுமா அண்ணி?" என்று கேட்டாள். "இதுக்குக் கொய்யாப்பழம் குடுத்தாத்தான் பாடும்" என்றாள் அண்ணி. எல்லோரும் சிரித்தார்கள், நாத்தனாரும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்குப் பரணில் ஏறிய கிட்டார் அப்புறம் இறங்கவே இல்லை.

"எனக்குச் சிங்க மார்க்தான் வேணும்" என்று கடைக்குள் நுழையும்போதே சொல்லிவிட்டாள் டிரைவரம்மா.

"இருக்கும்மா. கிளி மார்க்கும் புதுசா வந்திருக்கு. ரெண்டையும் மடியில வெச்சுப் பாருங்க" என்று கடைக்காரர் இரண்டையும் எடுத்துவந்து ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்தார். இரண்டின் தலையிலும் பித்தளை முத்திரை. அவள் கண்ணுக்கு இரண்டுமே மஞ்சள் தீற்றல்.

முதலாவதை மாட்டியதும் தோள் இறங்கியது. விரல்கள் எட்டவேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. தடித்த கம்பியைத் தட்டினால், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு முனகல். "இதுதானே உங்க கிளி? கூண்டுல போட்டு மூடுங்க" என்றாள். கடைக்காரர் வாயைத் திறந்தார். அண்ணியின் முதுகுக்குப் பின்னால் நின்ற நாத்தனார் உதட்டில் விரலை வைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாவது மடியில் வந்து உட்கார்ந்ததுமே கைக்கு அடங்கியது. ஒரே ஒரு தட்டுத்தான். தரை அதிர்ந்து, கண்ணாடி அலமாரி கிணுகிணுத்து, சத்தம் அடிவயிற்றில் வந்து நின்றது. டிரைவரம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நாளைக்கு வாசிக்க வேண்டிய பாட்டைப் பிடித்தாள். நாத்தனார் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டினாள். வழக்கமாகச் சறுக்குகிற இடத்தில்கூட விரல் தடையில்லாமல் ஓடியது. பாட்டு முடிந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது, சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா, சிங்கம்னா சிங்கம்தான்!" என்று கிட்டாரின் தலையை ஆசையாகத் தடவினாள் டிரைவரம்மா. தடவிய கட்டைவிரல் முத்திரைமேல் நின்றது. இன்னொரு முறை தடவினாள்.

"ஏன்டி, சிங்கத்துக்கு ஏன் மூக்கு வளைஞ்சிருக்கு?"

கடைக்காரர் கூரையைப் பார்த்தார். நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

டிரைவரம்மா சிரிக்கவில்லை. கம்பியை மறுபடி தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டாள். "இப்ப சத்தம் கொஞ்சம் கம்மியாயிட்ட மாதிரி இல்ல?"

"சத்தம் கம்மியாகல அண்ணி. உங்களுக்குப் பேரு தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்."

சுருக்கென்றது. கிட்டாரைக் கழற்றிக் கீழே வைக்கப் போனவள், கை பாதியில் நிற்க, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு இறங்கிய அந்த ஆள் நினைவுக்கு வந்தான். அவனை என்னவெல்லாம் திட்டினோம்!

"நானும் அதைத்தானே பண்ணியிருக்கேன்" என்றாள். "வண்டி எப்படி ஓடுதுன்னு பாக்காம, சீட்டுல யாருன்னு பாத்து இறங்கிப் போயிருக்கேன். உன்னோடதை நான் ஒரு தட்டு தட்டிக்கூடப் பாக்கலையே."

நாத்தனார் கவிழ்த்த அட்டைப்பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

டிரைவரம்மா எழுந்து கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "இதையே குடுங்க" என்றாள் கடைக்காரரிடம். "இனிமே பொருளோ மனுஷனோ, பேரைக் கேட்டு எடை போட மாட்டேன். என்ன செய்யுதுன்னு பாத்துட்டுத்தான் வாயைத் திறப்பேன்." பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "உன் கிளியைப் பரண்லருந்து இறக்கு. நாளைக்குக் கடைசிப் பாட்டு உன்னோடது. அந்தப் பாட்டுக்கு டிரம்ஸை நம்ம டிப்போ மெக்கானிக் வாசிக்கட்டும்."

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத்தானோ என்னவோ, புது கிட்டாரின் பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"அப்போ போற வழியில கொய்யாப்பழம் வாங்கிடுங்க அண்ணி. ரெண்டு கிளி இருக்கு."