அகழியில் மிதந்த செருப்பு

வீட்டுக்குள் செருப்புக்கால் பட்டால் போதும், மானஸா ஊரைக் கூட்டிவிடுவாள். அன்று காலையும், டெக்சாஸின் ரிச்சர்ட்சன் நகரில் இருந்த அவர்கள் வீட்டில் அதே கூத்துதான். காரில் ஏறப்போன நாலு வயது மகள் தென்றல், மறந்துவிட்ட பொம்மையை எடுக்கச் செருப்போடு உள்ளே ஓடிவிட்டாள்.

"யார் வீடா இருந்தாலும் செருப்பை வாசல்ல விட்டுட்டுத்தான் உள்ள போகணும். எத்தனை வாட்டி சொல்றது?"

அவள் போட்ட சத்தத்தில் கணவன் ஸ்ரீநிவாஸ் தன் காலையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

அவர்கள் போனது ஏரிக்கரைக் கோட்டையைப் பார்க்க. எண்ணூறு வருடத்துப் பழைய பிரெஞ்சுக் கோட்டை. எண்ணெய்க் கிணற்றுச் சீமான் ஒருவர் அதைக் கல் கல்லாகப் பெயர்த்து வந்து டெக்சாஸில் திரும்பக் கட்டிவைத்திருந்தார். காசிருந்தால் கோட்டைகூடக் கப்பலேறும். சுற்றிலும் அகழி, அதன்மேல் ஒரு மரப்பாலம்.

பாலத்தில் நின்று ஸ்ரீநிவாஸ் செல்ஃபி எடுத்தான். "ப்ளர் ஆயிடுச்சு, இன்னும் ஒண்ணு."

மானஸா முடியைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள். பக்கத்தில் நின்ற தென்றலைக் காணோம். கீழே தண்ணீரில் ஒரு ரோஸ் நிறச் செருப்பு மிதந்துகொண்டிருந்தது.

"ஸ்ரீ! குழந்தை!" என்று மானஸா அலறினாள்.

நீச்சல் தெரியாத ஸ்ரீநிவாஸ் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் குதித்தான். தண்ணீர் மார்பளவுதான். துழாவினான், முங்கினான், தலையில் பாசியோடு எழுந்து மறுபடி முங்கினான். மானஸா தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள்.

"அம்மா, ஒய் இஸ் அப்பா ஸ்விம்மிங்?"

அந்தக் குரல் அவள் வயிற்றில் பால் வார்த்தது. பாலத்தின் மறுமுனையில், கோட்டை வாசலில், தென்றல் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். மானஸா ஓடிப்போய் அவளை அள்ளிக்கொண்டாள். தலையைத் தடவினாள், சட்டையைத் தடவினாள். எங்கும் ஒரு பொட்டு ஈரமில்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டபோது அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"செருப்பு எங்கடி?"

"இட்ஸ் த கிங்ஸ் ஹவுஸ், அம்மா. நோ ஷூஸ் இன்சைட்."

வாசற்படி ஓரத்தில், வீட்டில் விடுவதுபோலவே சுவரை ஒட்டி, ஒற்றைச் செருப்பு இருந்தது. கொழுத்த வாத்து ஒன்று அதை மூக்கால் நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. ஜோடியைத் தண்ணீருக்கு அனுப்பிய புண்ணியவான் அதுதான்.

ஸ்ரீநிவாஸ் சொட்டச் சொட்டக் கரையேறி வந்து மகளைக் கட்டிக்கொண்டான். "ஃபோன் போச்சு மானஸா."

"போனா போகட்டும். சனியன் பிடிச்ச ஃபோன்."

சாயங்காலம் வீட்டு வாசலில் தென்றல் குனிந்து, மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றப் பார்த்தாள். மானஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி கண்ணு. போட்டுக்கிட்டே வா."

தென்றல் நம்பமுடியாமல் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கூடம் முழுக்க ஒற்றைச் செருப்போடு நொண்டியடித்து ஓடினாள். பூஜை அறை வரைக்கும் சேற்றுத் தடம் விழுந்தது. மானஸா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். துடைக்க மனம் வரவில்லை.